ஹியூகோ 2015: ஐந்து பிரிவுகளில் யாருக்கும் பரிசில்லை என்று வாசகர்கள் சொன்ன இரவு

2015 ஆகஸ்ட் 22 இரவு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஸ்போகேன் நகரில் அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்குமான ஹியூகோ விருதுகளை அறிவித்தார்கள். சிறந்த சிறுகதை: யாருக்கும் இல்லை. சிறந்த குறுநாவல்: யாருக்கும் இல்லை. துறை சார்ந்த சிறந்த நூல், சிறந்த எடிட்டர் என்று இரண்டு பிரிவுகள், எல்லாவற்றுக்கும் அதே பதில். ஆக ஐந்து. 1953-இல் தொடங்கிய இந்த விருதின் அதுவரையிலான வரலாறு முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு பிரிவு காலியாக விடப்பட்டது மொத்தமே ஐந்து முறைதான். அத்தனை வருடக் கணக்கை ஒரே இரவில் சமன் செய்துவிட்டார்கள், அதுவும் நடுவர்கள் இல்லை, வாக்களித்த வாசகர்கள்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இதை வலதுசாரிக்கும் இடதுசாரிக்கும் நடந்த சண்டையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சண்டை எல்லா ஊரிலும் எல்லா வருடமும் நடக்கிறது, எல்லா இடத்திலும் ஒரு விருதை அது கவிழ்த்துப் போடவில்லையே. இங்கே கவிழ்ந்ததற்குக் காரணம், ஓட்டுப் போடும் முறையில் முதல் கட்டத்தில் இருந்த ஒரு ஓட்டை. அது எத்தனையோ வருடங்களாக அங்கேயே இருந்தது, எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது, யாரும் இவ்வளவு பெரிதாக நுழைந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

யார் ஓட்டுப் போடுகிறார்கள்

1926-இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையைத் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கின் பெயர்தான் விருதுக்கு. வருடத்துக்கு ஒரு ஊரில் கூடும் வேர்ல்ட்கான் என்ற ரசிகர் மாநாட்டின் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். நம்மூரில் சாகித்ய அகாதமி அறிவிப்பு வந்ததும் கிளம்பும் சண்டை நடுவர் குழுவைப் பற்றியதாக இருக்கும், 'இவர்கள் யார் தீர்மானிக்க' என்று. இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை, காசு கட்டியவர் எல்லாம் நடுவர். 2015-இல் மாநாட்டுக்கு நேரில் போகாமல் ஓட்டு மட்டும் போடுவதற்கான உறுப்பினர் கட்டணம் 40 டாலர். அந்தக் காசுக்கு இறுதிப் பட்டியலில் இருக்கும் படைப்புகளில் பெரும்பாலானவை மின்பிரதியாக வீடு தேடி வந்துவிடும் என்பதால் வாசகருக்கு அது நஷ்டமான வியாபாரமும் இல்லை.

இரண்டு கட்டம். முதலில் நாமினேஷன்: சென்ற வருட மாநாட்டு உறுப்பினர், இந்த வருட உறுப்பினர், அப்போதைய விதிப்படி அடுத்த வருடத்துக்குப் பணம் கட்டியவர், இவர்கள் எல்லோரும் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பெயர் வரை எழுதலாம். வரிசை எல்லாம் கிடையாது. எதை அதிகம் பேர் எழுதினார்களோ அந்த ஐந்து அப்போது இறுதிப் பட்டியலுக்குப் போனது. இரண்டாவது, இறுதி வாக்கு: இந்த வருட உறுப்பினர்கள் மட்டும், 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட்டு. நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் எண்ணுகிற மாதிரிதான், கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கி அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணிக்கொண்டே போவார்கள்.

இந்த இறுதிச் சீட்டில் ஒவ்வொரு பிரிவிலும் 'நோ அவார்ட்' என்று ஒரு பெயரும் இருக்கும். நோட்டா என்றால் நமக்குச் சட்டென்று புரியும், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: நம் சட்டமன்றத் தேர்தலில் நோட்டா முதலிடம் வந்தால்கூட அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயிப்பார், ஹியூகோவில் நோ அவார்ட் முதலில் வந்தால் அது உண்மையாகவே ஜெயித்துவிடும், அந்தப் பிரிவில் கோப்பை யாருக்கும் கிடையாது.

இறுதி வாக்கு முறை கெட்டிக்காரத்தனமானது. ஒரு சிறு கூட்டத்தால் அதை வளைப்பது கடினம். பிரச்சினை முதல் கட்டத்தில் இருந்தது.

எண்களைப் பாருங்கள். 2015-இல் நாமினேஷன் சீட்டு அனுப்பியவர்கள் 2,122 பேர். அதிலும் சிறுகதைப் பிரிவை நிரப்பியவர்கள் 1,174 பேர்தான். முதலில் அறிவிக்கப்பட்ட ஐந்து சிறுகதைகளுக்குக் கிடைத்தது 151-இலிருந்து 230 வரை. உலகம் முழுவதும் மதிக்கப்படும் ஒரு விருதின் இறுதிப் பட்டியலுக்குள் நுழைய 151 பேர் போதும் என்று அர்த்தம். அதற்கு முந்தைய சில வருடங்களில் இதைவிடக் குறைவான ஓட்டுக்கே இடம் கிடைத்துக்கொண்டிருந்தது.

ஏன் இவ்வளவு குறைவு? சிறுகதை வாசகர்கள் சிதறிக் கிடப்பவர்கள். வருடத்துக்கு எத்தனையோ நூறு கதைகள் வருகின்றன, ஒவ்வொருவரும் வேறு வேறு பத்திரிகை படிக்கிறார்கள், பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பட்டியல் வரும். ஆயிரம் பேர் சீட்டு அனுப்புகிறார்கள், அதில் 850 பேர் தங்களுக்குப் பிடித்ததை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிகம் பேசப்பட்ட கதைக்கே நூறு பேர் சேர்ந்தால் பெரிய விஷயம். மிச்சம் இருக்கும் 150 பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒரே ஐந்து பெயரை எழுதினால்? அந்த ஐந்துக்கும் தலா 150. ஐந்து இடமும் அவர்களுக்கு. 850 பேரின் ரசனை பட்டியலிலேயே இருக்காது, அப்புறம் இறுதி வாக்கு எவ்வளவு நேர்த்தியாக எண்ணப்பட்டாலும் என்ன பிரயோஜனம், சாப்பாட்டுத் தட்டில் வைத்த ஐந்தில்தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும்.

நாய்க்குட்டிகள் வந்த கதை

லாரி கொரேயா என்ற நாவலாசிரியர், துப்பாக்கியும் பூதங்களும் நிறைந்த சாகசக் கதைகள் எழுதுகிறவர், நன்றாக விற்கிறவர். 2013-இல் தன் நாவலை ஹியூகோ பட்டியலில் ஏற்ற ஒரு பிரச்சாரம் தொடங்கினார். பிரச்சாரம் பாதி கிண்டல்: அலுப்பூட்டும் 'செய்தி சொல்லும்' கதைகளுக்கே பரிசு கொடுப்பதால்தான் நாய்க்குட்டிகள் சோகமாக இருக்கின்றன என்று. 'சாட் பப்பீஸ்', சோக நாய்க்குட்டிகள், என்ற பெயர் அப்படி வந்தது. முதல் வருடம் நாவல் உள்ளே வரவில்லை. 2014-இல் வந்தது, கூடவே அவர் சொன்ன வேறு சில படைப்புகளும். அதில் வாக்ஸ் டே என்ற பெயரில் இயங்கும் தியோடர் பீல் எழுதிய ஒரு நெடுங்கதையும் (சிறுகதைக்கும் குறுநாவலுக்கும் நடுப்பட்ட நீளம்) உண்டு. இறுதி வாக்கில் அது நோ அவார்டுக்கும் கீழே போனது, அதாவது ஐந்து பேர் ஓடிய போட்டியில் ஆறாவது இடம்.

2015-இல் பொறுப்பு இன்னொரு எழுத்தாளரான பிராட் டோர்கர்சன் கைக்குப் போனது. அவர் கிட்டத்தட்ட ஒவ்வொரு பிரிவுக்கும் பெயர்களைப் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார். உடனே பீல் தன் பங்குக்கு 'ராபிட் பப்பீஸ்', வெறிபிடித்த நாய்க்குட்டிகள், என்று இன்னொரு பட்டியல் போட்டார். பெரும்பகுதி அதே பெயர்கள், கூடவே அப்போது பின்லாந்தில் இருந்து இயங்கிய தன் சொந்தப் பதிப்பகமான கஸ்டாலியா ஹவுஸ் வெளியிட்டவை. தன்னைப் பின்பற்றுகிறவர்களிடம் பட்டியலை மாற்றாமல் அப்படியே எழுதி அனுப்பச் சொன்னார். இரண்டு பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை: ஆள் சேர்த்தது முதல் பட்டியல் என்றால், பூட்டை உடைத்தது இரண்டாவதன் கட்டுப்பாடு.

அவர்களுடைய குறையில் எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விற்பனையில் கொடிகட்டிப் பறக்கும் ஒரு வகை எழுத்து விருதுப் பட்டியலில் அபூர்வமாகத்தான் தென்படும், ஒரு சின்ன வட்டம் ஒருவரையொருவர் படித்து ஒருவரையொருவர் எழுதிப்போடும், இது எந்த மொழி இலக்கிய உலகத்துக்கும் பொருந்தும் புகார். எழுத்தாளர்கள் 'இந்த வருடம் என்னுடைய இந்தக் கதைகள் தகுதியுள்ளவை' என்று அறிவிப்பதும் அப்போதே சகஜமாகிவிட்டது. ஆனால் 'இவற்றைப் படித்துப் பாருங்கள்' என்பதற்கும் 'இந்த ஐந்தை எழுதுங்கள்' என்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. எழுதப்படாத கோடுதான். விதிப்புத்தகத்தில் அது எங்கேயும் இல்லை, அதனால்தான் தாண்டியபோது யாராலும் தடுக்க முடியவில்லை. விருது நிர்வாகிகள் விதிப்படி எண்ணினார்கள், வந்த முடிவை வெளியிட்டார்கள். இது முக்கியம், பின்னால் 2023-இல் சீனாவின் செங்டுவில் நடந்த மாநாட்டைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

ஏப்ரல் 4 அன்று பட்டியல் வந்தது. சிறுகதை, நெடுங்கதை, குறுநாவல் மூன்றும், துறை நூலும், எடிட்டர் பிரிவுகள் இரண்டும், முழுக்க அந்த இரண்டு பட்டியல்களில் இருந்து. குறுநாவலில் ஐந்தில் மூன்று ஒரே ஆள் எழுதியவை: ஜான் சி. ரைட், கஸ்டாலியா ஹவுஸ் வெளியீடு. ஒரு வருடத்தில் உலகத்தில் எழுதப்பட்ட சிறந்த ஐந்து குறுநாவல்களில் மூன்று ஒருவருடையது என்று நம்ப, அவருடைய அம்மாவே கொஞ்சம் யோசிப்பார்.

காலியான நாற்காலிகள்

இனிமேல் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி.

பட்டியலில் பெயர் வந்தவர்களில் சிலருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. மார்கோ க்ளூஸ் அப்படி ஒருவர், அவருடைய நாவல் உள்ளே வந்திருந்தது. பீலின் பட்டியலால் வந்த இடம் தனக்கு வேண்டாம் என்று விலகினார். ஒரு எழுத்தாளருக்கு வாழ்நாளில் இன்னொரு முறை கிடைக்குமா என்று தெரியாத இடம் அது. சிறுகதையில் ஆனி பெல்லட்டும் விலகினார். இன்னொரு பக்கம், ரைட்டின் ஒரு நெடுங்கதை தகுதிக்குரிய வருடத்துக்கு முந்தைய வருடமே இணையத்தில் வெளியாகியிருந்தது என்று தெரிந்ததும் நிர்வாகிகள் அதைத் தகுதிநீக்கம் செய்தார்கள்.

க்ளூஸ் விட்ட இடத்துக்கு அடுத்ததாக இருந்த நாவல் உள்ளே வந்தது. சீனாவின் லியூ சிஷின் எழுதி, கென் லியூ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'த த்ரீ-பாடி ப்ராப்ளம்'. ரைட்டின் நெடுங்கதை போன இடத்தில் நெதர்லாந்து எழுத்தாளர் தாமஸ் ஓல்ட ஹூவெல்ட்டின் கதை, அதுவும் மொழிபெயர்ப்பு, லியா பெல்ட் செய்தது.

ஆகஸ்ட் 22 இரவு புனைவுக்கான நான்கு பிரிவுகளில் இரண்டு காலி. பரிசு கொடுக்கப்பட்ட இரண்டு, நாவலும் நெடுங்கதையும். இரண்டிலும் ஜெயித்தவை இப்படிக் கடைசி நேரத்தில் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்த இந்த இரண்டு மொழிபெயர்ப்புகள்தான். சிறந்த நாவல் ஹியூகோவை ஒரு மொழிபெயர்ப்பு நாவல் வென்றது அதுவே முதல் முறை. இன்றைக்குக் கடைக்குக் கடை கிடைக்கிற, நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்த அந்தப் புத்தகம், க்ளூஸ் விலகாமல் இருந்திருந்தால் அந்த வருட இறுதிச் சீட்டிலேயே இருந்திருக்காது. 'தகுதியானது தானாக மேலே வரும்' என்று யாராவது சொன்னால் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

இன்னொரு வேடிக்கை. அந்த நாவலைப் படித்துப் பார்த்த பீல், இறுதி வாக்கில் அதற்கே தன் முதலிடத்தைக் கொடுத்து, தன் ஆட்களுக்கும் பரிந்துரைத்தார். முன்பே படித்திருந்தால் தன் பட்டியலிலேயே போட்டிருப்பேன் என்றும் சொன்னார். போட்டிருந்தால் எதிர்த்தரப்பு அதையும் சேர்த்துப் புறக்கணித்திருக்கும்.

நோ அவார்ட் போட்டது சரியா

இறுதி வாக்கு 5,950. அதற்கு முந்தைய வருடம் லண்டனில் 3,587. அந்த நேரத்துக்கு அதுதான் சாதனை எண்ணிக்கை. புதிதாகப் பணம் கட்டி வந்தவர்கள் யார் பக்கம் என்று மாதக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். முடிவு வந்தபோது சந்தேகம் இல்லாமல் தெரிந்தது, பெரும்பான்மை வந்தது பட்டியல் போட்டவர்களை நிராகரிக்கத்தான். நாய்க்குட்டிகள் பட்டியலில் இருந்து ஜெயித்தது ஒன்றே ஒன்று, 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' திரைப்படம். அதை யார் பரிந்துரைத்திருந்தாலும் ஜெயித்திருக்கும்.

ஒவ்வொரு 'நோ அவார்ட்' அறிவிப்புக்கும் அரங்கில் கைதட்டல் எழுந்தது. இதை நான் ரசிக்கவில்லை. தோற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் பலர் எந்தச் சதியிலும் இல்லை. போட்டியாளர்களுக்கு மரத்தில் செய்த நட்சத்திரக் குறி ஒன்றையும் நினைவுப் பொருளாகக் கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தோம், அதை விற்ற காசு தொண்டுக்குப் போனது என்றார்கள். ஆனால் விளையாட்டுச் சாதனைப் பட்டியலில் சந்தேகத்துக்குரிய சாதனைக்குப் பக்கத்தில் போடுகிற குறி அதுதான் என்று அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஜெயிக்கப்போகிற தரப்புக்கு இவ்வளவு சின்னத்தனம் தேவையே இல்லை.

நோ அவார்ட் ஓட்டை ஆதரிப்பவர்களின் வாதம் எளிது: தரம் எப்படியிருந்தாலும் சரி, இந்த வழியில் வந்ததற்குப் பரிசு கிடையாது, கொடுத்தால் அடுத்த வருடம் பத்துப் பட்டியல் வரும். இதில் பலம் இருக்கிறது. குறுநாவல் பிரிவைப் பொறுத்தவரை நானும் அதே ஓட்டைத்தான் போட்டிருப்பேன், அங்கே வாசகருக்குத் தேர்வு என்று ஒன்றே மிச்சம் வைக்கப்படவில்லை.

எடிட்டர் பிரிவு வேறு கதை. நாவல்களுக்கான எடிட்டர் பிரிவில் பேன் புக்ஸ் பதிப்பாளர் டோனி வைஸ்காஃப், டா பதிப்பகத்தின் ஷீலா கில்பர்ட் போன்றவர்கள் இருந்தார்கள், பல பத்தாண்டுகளாக அந்தத் துறையிலேயே வாழ்க்கையைக் கழித்தவர்கள். வைஸ்காஃப்புக்கு ஆயிரத்துக்கு மேல் முதல் விருப்ப ஓட்டுகள் விழுந்தன. நோ அவார்டுக்குச் சுமார் 2,500 விழுந்தன. எடிட்டரின் வேலை ஒரு வருடத்துப் பட்டியலால் வருவதில்லை, யாரோ தன் பட்டியலில் பெயர் எழுதியதற்கு அவர் என்ன செய்வார்? அடுத்த வருடமே கில்பர்ட்டுக்கு அதே பிரிவில் ஹியூகோவைக் கொடுத்தார்கள். அப்படியானால் 2015-இல் அவரிடம் என்ன குறை இருந்தது? கூட்டத்தோடு கூட்டமாக அடிபட்டார், வேறென்ன.

இதற்கு முன்னோடி உண்டு. 1987-இல் சயன்டாலஜி என்ற மத இயக்கத்தின் நிறுவனர் எல். ரான் ஹப்பர்டின் நாவல் ஒன்றை ஆதரவாளர்கள் திரண்டு இறுதிப் பட்டியலில் ஏற்றினார்கள், வாசகர்கள் அதை நோ அவார்டுக்குக் கீழே தள்ளினார்கள். அப்போது சிக்கியது ஒரே ஒரு புத்தகம், மற்ற நான்கில் ஒன்றுக்குப் பரிசு போனது, யாருக்கும் சேதமில்லை. ஒரு பிரிவின் ஐந்து இடத்தையும் பிடித்துவிட்டால் அதே ஆயுதம் குண்டாகிவிடுகிறது.

2015-இன் அந்த விழா இரவு நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் ஒரு பழைய மாளிகையில் தோற்றவர்களுக்கு விருந்து வைத்தார். பழைய கார்களின் முகப்பில் இருக்கும் அலங்காரச் சிலைகளை எடுத்துக் கோப்பையாக்கி, 'ஆல்ஃபி' என்று பெயர் வைத்து, சிலருக்குக் கொடுத்தார். 1953-இல் முதல் நாவல் ஹியூகோவை வென்ற ஆல்ஃபிரட் பெஸ்டரின் நினைவாக அந்தப் பெயர். க்ளூஸுக்கும் பெல்லட்டுக்கும் கிடைத்தது. பட்டியல்கள் இல்லாதிருந்தால் இறுதிக்கு வந்திருப்பார்கள் என்று கணக்கில் தெரிந்த சிலருக்கும் கிடைத்தது.

கணக்கில் தெரிந்தது என்கிறேன், அது எப்படித் தெரியும்? விழா முடிந்த கையோடு முழு நாமினேஷன் விவரமும் வெளியாகிவிட்டது. உள்ளே வந்த ஐந்து மட்டுமில்லை, அதற்கு அடுத்தடுத்து இருந்தவையும், ஒவ்வொன்றையும் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதும். மாநாடு முடிந்து 90 நாளுக்குள் இதை வெளியிட்டே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது, வழக்கமாக அன்று இரவே கொடுத்துவிடுவார்கள். யார் யாரை வெளியே தள்ளினார்கள் என்று எவரும் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். ரசனை பற்றிய சண்டை எங்கே முடியாமல் இழுத்துக்கொண்டே போயிருக்குமோ, அந்த இடத்தில் இந்த எண்கள் பேச்சை வேறு திசைக்குத் திருப்பின.

பூட்டை மாற்றியது

அதே மாநாட்டின் விதிக்கூட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. இந்தக் கூட்டத்துக்கு வேர்ல்ட்கானுக்கு வந்த எந்த உறுப்பினரும் போய்க் கை தூக்கலாம், ஆனால் ஒரு வருடம் நிறைவேறியதை அடுத்த வருடக் கூட்டமும் உறுதி செய்ய வேண்டும். கோபத்தில் எடுத்த முடிவை ஒரு வருடம் ஆறப்போட வைக்கிற நல்ல ஏற்பாடு, அவசரத்துக்கு உதவாத ஏற்பாடும்கூட.

திருத்தத்தின் பெயர் 'ஈ ப்ளூரிபஸ் ஹியூகோ'. கணினிப் பாதுகாப்பு நிபுணர் ப்ரூஸ் ஷ்னையர், வாக்கு முறைகளை ஆராயும் ஜேம்சன் க்வின் போன்றவர்கள் ரசிகர்களோடு உட்கார்ந்து பேசி உருவான முறை. பழையபடி ஐந்து பெயர் எழுதலாம். ஆனால் உங்கள் சீட்டுக்கு மொத்தம் ஒரே ஒரு புள்ளிதான், ஐந்து எழுதினால் தலைக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு சுற்றிலும் புள்ளியில் கடைசியாக இருக்கும் இரண்டை எடுப்பார்கள், அந்த இரண்டில் எதைக் குறைவான பேர் எழுதினார்களோ அது வெளியே. அதற்குப் போயிருந்த புள்ளி அந்தந்தச் சீட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் பெயர்களுக்குத் திரும்பும். இப்படியே குறைத்துக்கொண்டு வருவார்கள்.

முன்னால் சொன்ன 150 பேரை இதில் போட்டுப் பாருங்கள். அவர்களுடைய ஐந்து படைப்புக்கும் தலா 30 புள்ளி. சிதறி எழுதிய 850 பேரின் சீட்டில் பிரபலமாகாத பெயர்கள் ஒவ்வொன்றாக விழ விழ, மிச்சமிருக்கும் ஒன்றிரண்டுக்குப் புள்ளி குவிகிறது, 80 பேர் எழுதிய கதைகூட 60 புள்ளிக்குப் போகலாம். பட்டியல்காரர்களின் ஐந்தும் ஒரே உயரத்தில் கீழே நின்றுகொண்டு தங்களுக்குள்ளேயே மோதி ஒன்றையொன்று வெளியேற்றிக்கொள்ளும். கடைசியில் ஒன்று நிற்கும், ஆள்பலம் இருந்தால் இரண்டு. நேர்மையாக இந்த வருடம் இருநூறு பேருக்கு ஒரே நாவல் பிடித்துப்போனால் அதற்கு எந்தச் சேதமும் இல்லை.

கூடவே இன்னொரு மாற்றம்: எழுதுவது ஐந்து, இறுதிப் பட்டியல் ஆறு. இது ஒட்டு வேலை மாதிரித் தெரியும், ஆனால் ஐந்தைப் பிடித்தவனுக்கும் ஆறாவது இடம் கைக்கு வராது என்பதால் வாசகருக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றாவது மிஞ்சும்.

முறையைப் பழைய வருடச் சீட்டுகளில் ஓட்டிப் பார்த்தபோது பட்டியல்காரர்கள் முழுக்கக் காணாமல் போகவில்லை என்று தெரிந்ததும் சிலர் ஏமாந்தார்கள். எனக்கு அதுதான் இதன் அழகே. அவர்களும் பணம் கட்டிய வாசகர்கள், அவர்கள் பங்குக்கு உள்ள இடம் அவர்களுக்குப் போகட்டும், அடுத்தவன் இடம் மட்டும் வேண்டாம்.

2016-இல் கேன்சஸ் சிட்டியில் உறுதியானது, 2017 ஹெல்சிங்கியில் நடைமுறைக்கு வந்தது. நடுவில் அந்த ஒரு வருடம் பழைய பூட்டோடு போனது. நாமினேஷன் சீட்டுகள் 4,032 ஆக ஏறியும் பீலின் ஆட்கள் நிறைய இடங்களைப் பிடித்தார்கள். எப்படியும் ஜெயிக்கக்கூடிய பிரபலங்களையும் பட்டியலில் கலந்து வைத்து, இப்போது நோ அவார்ட் போடுங்கள் பார்ப்போம் என்று சீண்டினார்கள். வாசகர்களும் பாடம் படித்திருந்தார்கள், இந்த முறை படித்துப் பார்த்துத் தனித்தனியாக முடிவு செய்தார்கள், காலியானவை இரண்டு பிரிவுகள்தான். சிறுகதையில் பட்டியலில் இருந்த ஒருவர் விலக, அந்த இடத்தில் வந்த நவோமி கிரிட்சரின் கதையே ஜெயித்தது, மறுபடியும் காலி நாற்காலி! நாவலில் என். கே. ஜெமிசின். அடுத்த இரண்டு வருடங்களும் அவரே, தொடர்ச்சியாக மூன்று நாவல் ஹியூகோ வாங்கிய முதல் ஆள்.

பின்னால் வந்த இரண்டு

2023 வேர்ல்ட்கான் சீனாவின் செங்டுவில். எண் விவரம் வழக்கம்போல் அன்று இரவே வரவில்லை, 90 நாள் கெடு முடியும் 2024 ஜனவரி 20 அன்றுதான் வந்தது. பார்த்தால், இதே துறையின் இன்னொரு பெரிய விருதான நெபுலாவை வாங்கிய ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' நாவலுக்கு நேரே 'தகுதியில்லை' என்று மட்டும் இருந்தது, காரணம் இல்லை. இன்னும் சிலருக்கும் அப்படியே. பிப்ரவரியில் நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவர் வெளியிட்ட மின்னஞ்சல்களில் தெரிந்தது, சீனாவுக்கு உறுத்தலாகலாம் என்று குழுவினரே எழுத்தாளர்கள் பற்றிக் குறிப்புகள் தயாரித்திருக்கிறார்கள். அது போக, ஒரு சீனப் பத்திரிகையின் பரிந்துரைப் பட்டியலோடு ஒத்துப்போன சீனப் படைப்புகளையும் 'கூட்டுப் பட்டியல்' என்று காரணம் சொல்லி நீக்கியதும் அதில் இருந்தது. 2015-இல் அப்பட்டமான பட்டியலையே விதியில் தடை இல்லை என்று எண்ணி வெளியிட்டவர்கள் எங்கே, விதியில் இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுத்து யாருக்கும் சொல்லாமல் சீட்டைக் கழித்தவர்கள் எங்கே. பப்பீஸ் செய்ததைவிட இது மோசம் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை, அவர்கள் செய்ததாவது வெளிச்சத்தில் நடந்தது.

2024 கிளாஸ்கோ நேர்மாறு. வந்த ஓட்டுகளில் 377 போலி என்று நிர்வாகிகள் கண்டுபிடித்தார்கள். பெயரில் ஓரெழுத்து மட்டும் அகரவரிசையில் மாறிக்கொண்டே போகும் உறுப்பினர்கள், எண்களை வரிசையாகப் பெயராக்கியவர்கள் என்று வந்திருந்தன. எல்லாம் ஒரே போட்டியாளருக்குச் சாதகமான ஓட்டுகள். நீக்கினார்கள், விழாவுக்கு முன்பே ஜூலையில் அதை அறிவித்தார்கள். சம்பந்தப்பட்டவருக்கு இது தெரிந்திருந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதால் பெயரைச் சொல்லவில்லை, அவர் போட்டியிலேயே இருந்தார், ஜெயிக்கவில்லை. அந்த வருட நாவல் இறுதிப் பட்டியலின் ஆறில் கொழும்புக்காரரான வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஆஃப் ப்ரைட் டோர்ஸ்' நாவலும் ஒன்று. பரிசு எமிலி டெஷுக்குப் போனது.

377 என்பது கணிசமான எண், பத்தில் ஒரு பங்கு. யாரோ ஒருவர் இறுதிக் கட்டத்தில் இவ்வளவு காசைக் கொட்டியது எனக்கு விசித்திரமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் மலிவான கதவு இன்னும் முதல் கட்டத்தில்தான் இருக்கிறது. அந்த வருடம் இறுதி வாக்கு செல்லுபடியானது 3,436. நாமினேஷன் சீட்டு 1,720, 2015-இல் வந்ததைவிடக் குறைவு. ஆறு நாவலைப் படித்து வரிசைப்படுத்தச் சொன்னால் வருகிறவர்களில் பாதி அளவுக்குத்தான், வருடம் முழுக்க வந்ததில் எது நல்லது என்று தாங்களாகத் தேடிப் படித்து ஐந்து பெயர் எழுதச் சொன்னால் வருகிறார்கள்.